புறங்கையால் தொட்டவர்

என் மாமா எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குடம், பஸ்ஸின் மேல் கம்பி, பந்தியில் இலையில் விழுந்த சோறு, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். விரல்களை மடக்கி, கையைத் திருப்பி, முட்டிப் பக்கத்தால் லேசாக ஒரு தட்டு. ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் கை திரும்பும், விரல் விரியும். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் நெற்றியையும் அப்படித்தான் தொட்டாராம். "பிள்ளைக்கு ஷாக் அடிக்குதான்னு பாக்கீகளா அண்ணே?" என்று அம்மா கேட்டாளாம். மாமா சிரிக்கவில்லையாம்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியன். நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் எந்த முடிவு எடுப்பதானாலும், "மச்சான் என்ன சொல்லுதாரோ அதான்" என்று போனை வைத்துவிடுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா பஸ் ஏறி வருவார். வந்ததும் என் நெற்றியில் புறங்கை படும். நான் அண்ணாந்து அவர் முகத்தையே பார்ப்பேன். எனக்குள் ஏதோ ஓடுகிறது, அது அவருக்கு மட்டும் தெரிந்துவிடும் என்று சின்ன வயதில் எனக்கு ஒரு பயம் இருந்தது.

"உள்ளங்கையால தொட்டா கை மூடிக்கிடும் தாயி. கரண்டு புடிச்சு வச்சுக்கிடும், விடாது. புறங்கைன்னா உதறி எறிஞ்சிரும்" என்று ஒருநாள் காரணம் சொன்னார். அதன்பிறகு பயம் குறைந்திருக்க வேண்டும். கூடத்தான் செய்தது.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. போர்டில் செருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கினால் அந்த லைன் செத்துவிடும். அதைப் பீஸ் கட்டை என்பார்கள். மாமா வேலை செய்யும்போது அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது அல்லவா. "புடுங்குனவன் பையில இருக்கணும். புடுங்குனவன்தான் மாட்டணும்" என்பார். ஒருமுறை எங்கள் ஊர்த் தேர் பார்க்க வந்தவர், கூட்டத்துக்கு நடுவில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே வெளுத்துப்போனார். மில்லின் ஒரு பகுதியே அவர் பையில் இருந்தது. தேர் நிலையை விட்டு நகர்வதற்குள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டார். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா சிரிக்காத விஷயம் ஒன்று இருந்தது. மாமா தன் வாயால் "எனக்குத் தெரியும்" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. மணி என்ன மாமா என்றால், "என் வாட்ச் பத்தேகால்னு சொல்லுது" என்பார். மழை வருமா என்றால், "வாராப்புல இருக்கு." எங்கள் தெருக்கோடி டாக்டரைத் தெரியுமா என்றால், "பாத்திருக்கேன்." ஒன்பதாம் வகுப்பில் நான் இதை அவர் எதிரிலேயே கிண்டல் செய்தேன். அன்றைக்கு மாமாவோடு வந்திருந்த அத்தை என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய் அதன் காரணத்தைச் சொன்னாள்.

நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. மில்லில் பழுதான ஒரு மெஷினில் மாமாவின் கூட்டாளி கை வைக்க வேண்டியிருந்தது. மாமாதான் பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். லைன் நின்றுவிட்டதா என்று கூட்டாளி கேட்டார். மாமா தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "எனக்குத் தெரியும்யா, நீ கை வையி" என்றார். பையில் இருந்தது பக்கத்து மெஷினின் கட்டை. கூட்டாளி பிழைத்துக்கொண்டார். அவருடைய வலது கையில் மிஞ்சியது இரண்டு விரல்கள்தான். மாமா மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். என்ன பேசுவார்கள் என்று அத்தைக்கே தெரியாது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் அந்த லிஸ்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். பிளஸ் டூ முடித்திருந்தேன். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. "தத்துவமா? அத நம்ம தெரு டீக்கடைலயே சும்மா குடுக்காங்களேட்டி, அதுக்கு ரயிலேறிப் போகணுமா?" என்று அம்மா கேட்டாள். கடிதத்தோடு கூடவே, சேரப்போகிற மாணவர்கள் முன்கூட்டியே வாசித்துவிட்டு வந்தால் நல்லது என்று பதினான்கு புத்தகங்களின் பட்டியலும் வந்திருந்தது. அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்றை நிதானமாக வாசியுங்கள், வாசித்ததை உங்களோடு எளிதில் ஒத்துப்போகாத ஒருவரிடம் சொல்லி வாதாடிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, எதையும் எளிதில் ஒத்துக்கொள்ளாத மனிதர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான்.

மாமா அந்தத் தாளையும் முதலில் புறங்கையால்தான் தொட்டார்.

"இதுல என்னதான் இருக்கு?"

"உண்மைன்னா என்ன, நல்லதுன்னா என்ன, நமக்கு எதுவுமே நிச்சயமாத் தெரியுமா, இப்படி மாமா."

"கேட்டுப்புட்டு?"

"கேக்கணும். அம்புட்டுதான்."

"கரண்டுப் பெட்டியத் தொறந்து போட்டுட்டு மூடாம எந்திரிச்சு வந்துருவாங்களோ?" என்றார். தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில், கரண்டு பார்க்கிற டெஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் சொல்லுத வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்."

என் போனில் அதன் படம் இருந்தது. அதைச் சொல்லவில்லை. அவர் பையில் போன பிறகு அது தாள் இல்லை, பீஸ் கட்டை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் புரியும். அவர் எடுத்துக் கொடுக்கும்வரை என் படிப்பு நடக்காது.

மூன்று புத்தகங்களை எப்படியோ வாங்கினேன். முதலாவது சின்னப் புத்தகம். சந்தேகத்தைப் பற்றியது. கண்ணை நம்பலாமா, காதை நம்பலாமா, நேற்றைய நினைவை நம்பலாமா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனது. பதினெட்டு வயதில் அதைப் படித்தால் தலை நிற்காது. எனக்கும் நிற்கவில்லை. மார்க்கெட்டில் தக்காளி வாங்கும்போதுகூட இது தக்காளிதானா என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். மாமாவை எப்படியாவது என் பக்கம் இழுத்து, அந்தத் தாளை வெளியே எடுக்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். அடுத்த ஞாயிறு அவர் சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தேன்.

"மாமா, டெஸ்டர் வச்சுப் பாக்கீக. எரியல. உடனே கரண்டு இல்லைன்னு எப்படிச் சொல்லுதீக?"

"டெஸ்டரையே மொதல்ல கரண்டு இருக்கிற எடத்துல வச்சுப் பாத்துக்கிடுவேன். அங்க எரிஞ்சாத்தான் இங்க வருவேன்."

"அங்க நல்லா இருந்த டெஸ்டர் இங்க வாறதுக்குள்ள கெட்டுப்போயிருந்தா?"

"வேல முடிஞ்சதும் திரும்பப் போயி வச்சுப் பாப்பேன்."

"நடுவுல கெட்டு, திரும்பப் போகும்போது நல்லாயிருச்சுன்னா?"

மாமா பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதை முதல்முறை பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எத நம்பிக் கை வைக்கிறது?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

"அதான் மாமா கேள்வியே!" என்று நான் கை தட்டினேன். அந்தக் கைதட்டலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

புதன்கிழமை அத்தை போன் செய்தாள். "உங்க மாமாட்ட என்னட்டி சொன்ன?" என்றுதான் ஆரம்பித்தாள். திங்கட்கிழமையிலிருந்து மில்லில் மாமா பேனலின் முன்னால் போய் நிற்கிறாராம். டெஸ்டரை வைக்கிறாராம், திரும்பிப் போகிறாராம், வந்து மறுபடி வைக்கிறாராம். கை மட்டும் போகமாட்டேன் என்கிறதாம். சூப்பர்வைசர் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

"வீட்டுல ஃபேன் சுவிட்சுகூடப் போட மாட்டேங்காக. புறங்கைய நீட்டிட்டு அப்படியே நிக்காக. நீ கேட்டதுக்குப் பதில் வரலியாம். எனக்குப் பயமா இருக்குட்டி. வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்கன்னா? இல்ல, இந்தக் குழப்பத்துல எங்கயாச்சும் கைய வச்சுட்டாகன்னா?"

எனக்கு அம்மாவிடம் சொல்லப் பயம். அப்பாவிடம் சொல்லப் பயம். மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காரணம் நான்தான் என்று உள்ளே அடித்துக்கொண்டது. அந்தப் பயத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நிலைமையில் அவர் அந்தத் தாளைத் தரவே மாட்டார் என்றும் பயந்தேன். அவர் உயிரும் என் படிப்பும் எனக்குள் ஒரே இடத்தில் நின்றன. அதை நினைத்து என்னைப் பார்த்தே பயந்தேன்.

மறு ஞாயிறு எங்கள் வீட்டு மோட்டார் ஓடவில்லை. ஒன்றும் தெரியாத அம்மா வழக்கம்போல் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். மாமா வந்தார். கண் உள்ளே போயிருந்தது. என் நெற்றியைத் தொடவில்லை.

மோட்டார் வீட்டுக்குப் பின்னால், வெட்டவெளியில். ஸ்டார்ட்டர் பெட்டி சுவரில் இருந்தது. தரை ஈரம். மாமா ஒரு பலகை கேட்டு வாங்கிப் போட்டு, ரப்பர் செருப்போடு அதன்மேல் ஏறி நின்றார். பெட்டியின் மூடியைக் கழற்றினார். அதன்பிறகு அசையவில்லை. வழக்கமாக முதல் வேலையாக வாசல் போர்டுக்குப் போய்ப் பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர் அவர்.

"ஏட்டி, நீ போயிப் புடுங்கிட்டு வா. அண்ணனுக்கு ஒடம்பு சுகமில்ல போல" என்றாள் அம்மா.

ஓடினேன். வாசல் போர்டில் இரண்டு கட்டைகள். இடது பக்கம் எங்களுடையது, வலது பக்கம் அடுத்த போர்ஷனுடையது. இடதைப் பிடுங்கிச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றிருந்தது. அங்கே குடியிருந்த தெலுங்கு பேசும் அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "கரண்டு போயிந்தா?" என்று குரல் கொடுத்தார்.

"ஆமாக்கா, செத்த நேரத்துல வந்துரும்!" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன்.

மாமா கையை நீட்டினார். "குடு."

"என் பையிலயே இருக்கட்டும் மாமா. நான்தான புடுங்குனேன்?"

அவருடைய சட்டம்தான். மறுக்க முடியவில்லை. அம்மா குக்கர் சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டாள். மாமா டெஸ்டரைப் பெட்டிக்குள் இருந்த ஒயர் முனையில் வைத்தார். எரியவில்லை. புறங்கையை நீட்டினார். ஒரு சாண் தள்ளி நின்றது. இழுத்துக்கொண்டார். மறுபடி டெஸ்டர், எரியவில்லை. மறுபடி கை, மறுபடி ஒரு சாண். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, அதைக்கூடத் துடைக்கவில்லை. ஏழெட்டு முறை எண்ணினேன். அதற்குமேல் பார்க்க முடியவில்லை. நான் கெடுத்த மனிதரை நானே சரிசெய்துவிட வேண்டும் என்று வந்துவிட்டது.

"மாமா, எனக்குத் தெரியும். நான்தான் புடுங்குனேன்" என்று சொல்லிப் பையைத் தட்டிக் காட்டினேன்.

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை, யார் தட்டிய தட்டு என்று எனக்கு உறைத்தது. ஆனால் கை அதற்குள் கிளம்பிவிட்டது. இதோ பாருங்கள், ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக உள்ளங்கையை விரித்துப் பெட்டிக்குள் நீட்டினேன்.

மாமா முழங்கையால் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். நான் ஈரத் தரையில் போய் விழுந்தேன். முட்டி சிராய்த்து எரிந்தது.

"என்ன மாமா!"

"பக்கத்து வீட்டு மிக்ஸி ஏன்ட்டி நின்னுச்சு?"

மாமா பலகையைவிட்டு இறங்கினார். இடது கை விரலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, உடம்பால் வெயிலை மறைத்து, டெஸ்டரை அதே முனையில் வைத்தார். உள்ளே சிவப்பாக எரிந்தது.

"பலகைல ரப்பர் செருப்போட நின்னா கரண்டு தரைக்கு எறங்காது, டெஸ்டர் மங்கிரும். வெயிலுக்குக் கண்ணுல படாது. எனக்குத் தெரியும்ட்டி. முப்பது வருசமா எனக்குத் தெரியும். பயத்துல மறந்துட்டேன்."

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகுதான் தெரிந்தது, முந்தின மாதம் வீட்டுக்காரர் வாசல் போர்டை மாற்றியபோது கட்டைகள் இடம் மாறியிருக்கின்றன. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமா அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் டெஸ்டரச் சந்தேகப்பட்ட. சரி. என் கண்ணச் சந்தேகப்பட்ட. அதுவும் சரி. உன் பையில கெடந்ததச் சந்தேகப்பட்டியாட்டி?"

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. "போ. புடுங்குனவதான் மாட்டணும்" என்றார். போய் மாட்டினேன். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது. மாமா தானே வந்து மற்ற கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். டெஸ்டரைப் பக்கத்து வீட்டு பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, சுவரில் விரலை ஊன்றி, முனையில் வைத்தார். எரியவில்லை. புறங்கையை நீட்டினார். கை அந்த ஒரு சாணைக் கடந்து போய் முனையைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கை திரும்பியது, விரல் விரிந்தது. கருகிப்போயிருந்த ஒரு ஒயரை மாற்றிக் கால் மணி நேரத்தில் தண்ணீரை ஏற்றிவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கேட்டாள். "இவ படிக்கப் போறதப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலியே அண்ணே. நாளு நெருங்குதுல்ல?"

பின்பக்கம் நடந்தது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. சிராய்ப்பைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு நின்றேன். மாமா சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வைத்தார். அதன்பின் அந்தத் தாளை எடுத்தார். வியர்வையில் நைந்து, மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது.

"அனுப்பு" என்றார்.

"அம்புட்டுத் தூரம். உங்களுக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா இந்தமட்டுல நிப்பாட்டி இங்க வச்சிருந்தா அதவிடப் பயமா இருக்கு. ஒரே ஒரு புஸ்தகம் படிச்ச கை இது." என்னைக் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். "பதினாலையும் முடிச்சுட்டு வா. முடிக்க முன்னாடி எதுலயும் கை வச்சிராத."

அவர் பயந்துபோய்த்தான் என்னை அனுப்பினார். நானும் பயந்துகொண்டேதான் ரயில் ஏறினேன். அந்த ஞாயிற்றுக்கு மறுநாளே, லீவு முடியும் முன்பே, அவர் வேலைக்குப் போய்விட்டதாக அத்தை போனில் சொன்னாள். அன்று எனக்கு வந்த உயிர்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் மாமாவின் போன் வரும். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கமாட்டார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல மாமா. பதினாலு முடிஞ்சது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் இன்னும் பதினாலு இருக்கு."

"அப்பச் சரி. கைய வச்சிராத" என்று வைத்துவிடுவார். நான் மேலே மேலே படித்து, ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லித்தரப் போன பிறகும் அதே கேள்வி, அதே பதில்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சர்க்கரை அவருடைய சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது கண்ணை மூடியிருந்தார். என்னை அறியாமல் அவர் நெற்றியைப் புறங்கையால் தொட்டுவிட்டேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இருக்கா?"

"இருக்காப்புல இருக்கு மாமா" என்றேன். வாய்க்குள் சிரித்தார். அந்த வாரம் போய்விட்டார்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகச் சேரப்போகிற பிள்ளைகளுக்கு வாசிப்புப் பட்டியல் அனுப்புகிற வேலை இப்போது என்னுடையது. அச்செடுத்து, நான்காக மடித்து, ஒருநாள் முழுக்கப் பையில் வைத்திருந்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் முதல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு யாரிடமோ போய்க் கை தட்டுவாள் என்று எனக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் என்னைப் பற்றியது. வகுப்பில் சில நாள் பேச்சு வேகத்தில், "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு, எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்களா என்று நிற்கிறேன். பிள்ளைகள் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். முடிஞ்சுதா என்று கேட்க இனி ஆளில்லை.